எல்லாவற்றையும் அணைத்து வைத்த குடும்பம்

நாடு முழுக்கக் கரண்ட் போய்க் கிடந்த அந்த நாட்களைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் ஒன்று சொல்வார், மெழுகுவர்த்தி தேடி ஊர் ஊராக அலைந்தவர் இன்னொன்று சொல்வார். அதெல்லாம் புத்தியுள்ளவர்கள் கதை, அது கிடக்கட்டும். ஓட்டைக்கிணத்துவிளையில் தங்கப்பழம் குடும்பம் எப்படி உயிர் பிழைத்தது என்பதைக் கேளுங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். தங்கப்பழத்தை முட்டாள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லுவார். டீக்கடையில் யாராவது அவரைக் கேலி செய்தால் கோபப்பட மாட்டார். "நீரு சொல்லுதது சரிதான் வே, இதைவிடப் பெருசா ஒண்ணு போன மாசம் பண்ணுனேன், கேளும்" என்று தானே எடுத்துக்கொடுப்பார். கேட்டவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். தங்கப்பழமும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

புத்தி குறைச்சல் என்று தெரிந்ததால் அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். "புத்தியுள்ளவன் சொன்னதை மாத்தி யோசிச்சுச் செய்வான். அது நமக்குக் கட்டுப்படியாகாது. நாம சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருவோம். தப்பாப் போச்சுன்னா சொன்னவன் பாடு" என்பார். வீட்டில் நாலு பேருக்கும் இந்தக் கொள்கை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாலு பேர் என்றால் தங்கப்பழம், அவர் மனைவி எசக்கியம்மா, கல்யாண வயசில் மகள் செல்வக்கனி, கல்யாண வயசைத் தாண்டிவிட்ட தம்பி பலவேசம். இதில் பலவேசம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்புக்கு ஒரு வாரம் போனவன். அதனால் வீட்டில் கரண்ட் சம்பந்தமாக எந்தப் பேச்சு வந்தாலும் அவன் சொல்வதுதான் முடிவு.

தங்கப்பழத்துக்குத் தொழில் காடை வளர்ப்பு. காடை இன்னும் வளரவில்லை, முட்டையோடு நிற்கிறது. தெர்மாக்கோலில் செய்த ஒரு இன்குபேட்டர் பெட்டி வாங்கி, உள்ளே பல்பைப் போட்டுச் சூடாக்கி முட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும். முதல் தடவை முட்டை கொடுத்தவர், "தினமும் மூணு நாலு வாட்டி திருப்பி விடணும், மறந்துராதீங்க" என்றார். முட்டையைப் புரட்டி வைக்கச் சொன்னார் மனுஷன். தங்கப்பழம் அவ்வளவு முட்டையையும் கூடையில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, அவர் வீட்டிலேயே திருப்பிக் கொண்டுபோய் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வாங்கி வந்தார். மறுபடி கொண்டுபோய் விட்டார். ரோடு முழுக்கப் பள்ளம். ஒரு முட்டையும் தேறவில்லை.

ரெண்டாம் தடவை, "உள்ளே ஈரம் வேணும், பொட்டிக்குள்ள தண்ணி விட்டு வையுங்க" என்றார். விட்டு வைத்தார்கள். முட்டை எல்லாம் மிதந்தது. செல்வக்கனி அது நீச்சல் பழகுகிறது என்றாள்.

இப்போது மூன்றாவது தடவை. இதைப் பற்றி எசக்கியம்மாவின் தம்பி லிங்கதுரை தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்குத் தூத்துக்குடியில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் விற்கிற பெரிய கடை. "அத்தான், இந்தத் தடவையும் குஞ்சு வரலேன்னா வீட்டைப் பூட்டிருங்க. நாலு பேரும் என் கடைக்கு வந்து தூசி தட்டுங்க. சாப்பாடு நான் போடுதேன்" என்றான். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் தங்கப்பழத்துக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஊரே முட்டாள் என்று சொன்னால் தாங்கிக்கொள்வார், பொண்டாட்டி தம்பி கடையில் துணியும் கையுமாக நிற்கிறதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இந்த முட்டை பொரித்தே ஆக வேண்டும் என்று ராத்திரி பகலாகப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். குஞ்சு வருகிற நாள் நெருங்கிவிட்டது. பெட்டியில் காதை வைத்தால் உள்ளே என்னவோ அசைகிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கரண்ட் போனது.

"அண்ணே, கரண்ட் போயிட்டு" என்றான் பலவேசம்.

"எங்க போயிருக்கு?"

"சொல்லிட்டா போகும்?"

"மத்தியானச் சோத்துக்குள்ள வந்திருமால?"

"அதுக்கு எதுக்கு அண்ணே சோறு?" என்றான் பலவேசம். படித்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று தங்கப்பழம் அடங்கிவிட்டார்.

மத்தியானம் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. செல்போன் செத்தது. மறுநாள் காலையில் பஞ்சாயத்து ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. நாலு பேரும் வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! நாடு முழுவதும் மின்தொகுப்பு வீழ்ந்துவிட்டது. மின்சாரம் திரும்பி வரும்போது அதிக அழுத்தத்துடன் வரக்கூடும். எனவே உங்கள் வீட்டிலுள்ள மின்சாதனங்கள் அனைத்தையும் அணைத்து வைத்திருங்கள். ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்!"

ஆட்டோ போய்விட்டது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கே அந்தக் குடும்பத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் வீட்டில் விளக்கை அமத்துவார்கள். ஃபேனை ஆஃப் பண்ணுவார்கள். அணைக்கிறது என்றால் பிள்ளையை அணைக்கிறது மட்டும்தான். இடி இடித்தால், "பிள்ளைய அணைச்சுப் படு" என்பார்கள். வேறு எதற்கும் அந்தச் சொல்லை அவர்கள் எடுத்ததே இல்லை.

"அணைச்சு வச்சுக்கிடணுமாம்" என்றாள் எசக்கியம்மா.

"எதுக்கு?" என்றார் தங்கப்பழம்.

"அழுத்தமா வருமாம்லா. கரண்ட்டு கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கு போல. திரும்பி வரும்போது கோவத்தோட வந்தா, சாமானெல்லாம் பயந்துரும்லா? அதான் நம்மள அணைச்சுக்கிடச் சொல்லுதாவ."

தங்கப்பழம் மனைவியை ஆச்சரியமாகப் பார்த்தார். இவ்வளவு விவரம் அவளுக்கு எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பலவேசத்தைப் பார்த்தார். பலவேசம் கண்ணை மூடி யோசித்து, "டெக்னிக்கலா சரிதான்" என்றான்.

உடனே வேலை தொடங்கியது. எசக்கியம்மா மிக்ஸியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செல்வக்கனி டி.வி.யைக் கட்டிப்பிடித்தாள். தங்கப்பழம் ஒரு கணம்கூட யோசிக்காமல் இன்குபேட்டர் பெட்டியை மடியில் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது ஃப்ரிட்ஜ். பலவேசம் அதன் முன்னால் போய் நின்று, ரெண்டு கையையும் விரித்தான். ஒரு மாதிரி வெட்கப்பட்டான். அவனுக்கு அணைக்க வேறு யாரும் வாய்க்கவில்லை, பாவம்.

"ஃபேனு?" என்றாள் செல்வக்கனி.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஃபேன் தன்னந்தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணைக்கூட விடக்கூடாதுன்னு சொல்லிருக்காவ" என்றார் தங்கப்பழம். "ஏல பலவேசம், ஏறி அணைல."

பலவேசம் ஃப்ரிட்ஜைத் தற்காலிகமாக அண்ணன் காலால் அணைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு, மேஜை மேல் ஏறி ஃபேனைக் கட்டிப்பிடித்து நின்றான். கொஞ்ச நேரத்தில் கை கடுத்தது. "இப்படியே எத்தனை நாளைக்கு அண்ணே நிக்கது?" என்றான். கடைசியில் ஃபேனைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். பல்புகளைக் கழற்றினார்கள். அயர்ன்பாக்ஸ், கிரைண்டர், கொசுவத்தி மெஷின் எல்லாம் நடுவீட்டுக்கு வந்தன. செல்வக்கனி டி.வி.யை ஒரு பக்கமும் ஃபேனை இன்னொரு பக்கமும் போட்டு நடுவில் படுத்து, பல்புகளைத் தாவணிக்குள் முடிந்துகொண்டாள்.

அப்போதுதான் தங்கப்பழத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ, போர்வெல்லு மோட்டர்!"

மோட்டர் பூமிக்குள் அடி ஆழத்தில் கிடக்கிறது. எப்படி அணைக்கிறது? விவாதம் வெகுநேரம் நடந்தது. பலவேசம், மேலே இருக்கிற பைப்பைக் கட்டிப்பிடித்தால் போதும் என்றான். எசக்கியம்மா அது அணைப்பில் சேராது, கையைப் பிடிக்கிற மாதிரிதான் என்றாள். தங்கப்பழத்துக்கு வேர்த்து ஊற்றியது. ஒன்று விட்டுப்போய், அந்த ஒன்றால் மற்றதெல்லாம் கெட்டு, முட்டையும் கெட்டால்?

"யப்பா, மோட்டரைச் சுத்தி என்ன இருக்கு?" என்றாள் செல்வக்கனி.

"மண்ணு."

"அப்ப பூமாதேவி அணைச்சுக்கிட்டுத்தான இருக்கா?"

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என் ராசாத்தி, நம்ம குடும்பத்துல பிறந்தும் உனக்குப் புத்தி எப்படி வந்துச்சு" என்றார்.

அணைக்கிறது ஆயிற்று. பிழைக்கிறது எப்படி? தண்ணீர் வேண்டும். தெருக்கோடியில் அடிபம்பு இருந்தது. ஊரே குடத்தோடு அங்கே நின்றது. எசக்கியம்மா மிக்ஸியை இறக்கி வைக்க முடியாது. இடது இடுப்பில் மிக்ஸி, வலது இடுப்பில் குடம் என்று கிளம்பினாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மிக்ஸிக்குப் பாவமாக இருந்ததால் தலையோடு கால் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டாள். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கைப்பிள்ளைக்காரி வெயில்ல நிக்கா, அவளை முதல்ல விடுங்க" என்றாள் ஒருத்தி. எசக்கியம்மாவை முன்னால் விட்டார்கள்.

"ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?" என்று கேட்டாள் பம்பு அடித்துக்கொடுத்தவள்.

எசக்கியம்மா யோசித்தாள். "ரெண்டு ஜாரு" என்றாள்.

"ரெட்டைப் பிள்ளையா! நல்லாயிருக்கட்டும்" என்று இன்னொரு குடமும் அடித்துக் கொடுத்தார்கள். ஆக, ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வராத ஒரே வீடு தங்கப்பழம் வீடுதான். அரசாங்கம் சொன்னதைக் கேட்டால் எப்படிப்பட்ட நன்மை என்று அவர் பலவேசத்துக்கு எடுத்துச் சொன்னார்.

சாப்பாடுதான் சிக்கல். மாவு, குழம்பு, ஒரு சட்டி சாளை மீன் எல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் பலவேசம் கையை விட வேண்டும். விடக்கூடாது என்று உத்தரவு. குழம்பையும் மீனையும் கட்டிப்பிடித்துக்கொண்டே பலவேசம் பசியோடு நின்றான். எசக்கியம்மா அவலை நனைத்து, சர்க்கரை போட்டு, ஒற்றைக் கையால் மூன்று பேருக்கும் ஊட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டு குருவம்மா ஒரு படி அரிசி கைமாற்று வாங்க வந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள். ஒருத்தன் ஃப்ரிட்ஜில் கன்னத்தை வைத்துத் தூங்குகிறான். ஒருத்தி ஃபேனுக்குத் தலையணை வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். ஒருத்தி மிக்ஸியைத் தட்டிக்கொடுக்கிறாள். நடுவில் தங்கப்பழம் பெட்டியைக் கட்டிக்கொண்டு, போர்வையும் போர்த்தி, வேர்வையில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, என்ன வேண்டுதலா?" என்றாள் குருவம்மா.

"இல்லம்மா, அரசாங்க உத்தரவு" என்றார் தங்கப்பழம்.

குருவம்மா அரிசி கேட்காமலே போய்விட்டாள். போனதும் அவள் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

சிரிப்பாகச் சொன்னாலும், தங்கப்பழத்துக்கு முட்டைகளைப் பற்றித்தான் கவலை. பெட்டிக்குள் பல்பு இல்லை, சூடு இல்லை. முட்டைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. "நம்ம புத்திதான் குளிர்ந்து கிடக்கு, இந்த உடம்புச் சூடாவது உங்களுக்கு ஆகட்டும்" என்று முட்டைகளிடம் சொன்னார். கால் மரத்தது, முதுகு வலித்தது, ஆனாலும் அவர் பெட்டியை விடவில்லை. புரட்டாசி வெயிலும் போர்வையும் தெர்மாக்கோலும் தங்கப்பழமும் சேர்ந்து பல்பு செய்கிற வேலையைச் செய்தார்கள். அது அவருக்குத் தெரியாது. அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம். ஃப்ரிட்ஜுக்குள் சாளை மீன் தன் இருப்பைத் தெரு முழுக்கத் தெரிவித்துக்கொண்டிருந்தது. பலவேசம் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்போது ஒலிபெருக்கிச் சத்தம் மறுபடி கேட்டது.

"பொதுமக்களுக்கு ஒரு நற்செய்தி! இன்னும் சிறிது நேரத்தில் மின்சாரம் வந்துவிடும். எல்லா மின்சாதனங்களையும் ஒரே நேரத்தில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றாக, படிப்படியாகப் போடவும்!"



"போடணுமாம்" என்றாள் எசக்கியம்மா. மிக்ஸியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இத்தனை நாளு அணைச்சு வச்சிருக்கச் சொல்லிட்டு, இப்பக் கீழ போடச் சொன்னா எப்படி?" என்றாள் செல்வக்கனி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஃபேனோடு ஒரு ஒட்டுதல் ஏற்பட்டிருந்தது.

தங்கப்பழம் பெருமூச்சு விட்டார். "ஏன்னு கேக்குறதுக்கு நமக்குப் புத்தி பத்தாது தாயி. சொன்னதைச் செய்வோம். ஏல பலவேசம், படிப்படியான்னா என்னல?"

"ஒரு படிக்கு ஒண்ணு அண்ணே."

"நம்ம வீட்டுல படி எங்க இருக்கு?"

"மொட்டை மாடிக்குப் போற படிதான்."

அடுத்த விவாதம்: மேலே நின்று போடுவதா, கீழே நின்று போடுவதா? பலவேசம் இதில் தெளிவாக இருந்தான். "கீழ நின்னு மேல போட்டா அதுக்குப் பேரு எறியறது. போடுததுன்னா மேலேயிருந்து கீழதான்" என்றான்.

எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினார்கள். ஃப்ரிட்ஜை ஏற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டார்கள். அயர்ன்பாக்ஸ் ஒரு படியில் விழுந்து அங்கேயே நின்றது. கொசுவத்தி மெஷின் அடுத்த படி. பல்புகளைச் செல்வக்கனி கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். எசக்கியம்மா மிக்ஸியின் தலையைத் தடவி, துண்டை எடுத்துவிட்டு, "போயிட்டு வா" என்று போட்டாள். டி.வி. ஒரே போடாகப் போனது. கிரைண்டர் விழுந்த படியே கொஞ்சம் பெயர்ந்தது.

ஃப்ரிட்ஜ்தான் எல்லாரையும் அசத்தியது. தள்ளிவிட்டதும் அது முதல் படியில் இடித்து, ரெண்டாம் படியில் இடித்து, ஒரு படியையும் விடாமல் நிதானமாக இறங்கிப் போய் முற்றத்தில் விழுந்து கதவைத் திறந்தது. மாவும் மீனும் வெளியே வந்தன.

"பாத்தியால, படிப்படியாவே போயிட்டு!" என்றார் தங்கப்பழம். "வீட்டுலயே அதுக்குத்தான் சொன்ன பேச்சு விளங்கிருக்கு."

இன்குபேட்டர் பெட்டி ஒன்றுதான் மிச்சம். அதைத் தங்கப்பழம் கையில் வைத்திருந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே" என்றான் பலவேசம் மெதுவாக. "அதுவும் மின்சாதனந்தான்."

பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. முட்டை ஒன்று விரிசல் விடுகிறது. இவ்வளவு நாள் நெஞ்சில் வைத்துக் காத்ததைப் படியில் போடுவதா? போடாவிட்டால் கொள்கை போயிற்று. போட்டால் குஞ்சு போயிற்று, நாளைக்கே லிங்கதுரை கடையில் துணியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். அந்த வயசுக்கும் மீசைக்கும் அவர் விக்கி விக்கி அழுதார்.

"இந்தாருங்க" என்றாள் எசக்கியம்மா. "பொட்டிதான மின்சாதனம்? முட்டையும் மின்சாதனமா?"

தங்கப்பழம் அழுகையை நிறுத்தினார். பலவேசத்தைப் பார்த்தார். பலவேசம் மோவாயைத் தடவினான்.

"ஒயர் இருந்தா மின்சாதனம். ஒயர் இல்லேன்னா இல்ல" என்றான்.

செல்வக்கனி ஒவ்வொரு முட்டையாக எடுத்து, நாலு பக்கமும் திருப்பி, ஒயர் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றில்கூட ஒயர் இல்லை, பிளக் இல்லை. இருந்தும் பலவேசம் ஒரு முட்டையைச் சுவிட்ச்போர்டு அருகே கொண்டுபோய்ச் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தான். முட்டைகள் தங்கப்பழத்தின் வேட்டி மடிக்கு மாறின. பெட்டியை மட்டும் போட்டார்கள். தெர்மாக்கோல் என்பதால் அது சத்தமே இல்லாமல் விழுந்து ரெண்டாயிற்று.

தங்கப்பழம் மடியை அணைத்தபடி மாடிப்படி உச்சியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் வேட்டிக்குள் ஒரு முட்டை உடைந்தது. நனைந்த பஞ்சு போல ஒரு காடைக்குஞ்சு தலையை நீட்டியது. இன்னொன்று. பிறகு இன்னொன்று. மடி முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். "எசக்கி, வந்துட்டு! எசக்கி, எல்லாம் வந்துட்டு!" என்று கத்தினார் தங்கப்பழம். அதே நேரம் தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஊரே, "வந்துட்டு! வந்துட்டு!" என்று கத்தியது. தன் வீட்டில் குஞ்சு பொரித்ததற்கு ஊர் இவ்வளவு சந்தோஷப்படும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தபோதுதான் லிங்கதுரை வந்தான். அக்கா வீட்டுக்கு மூன்று நாளாகப் போன் கிடைக்காமல் பதறி, தூத்துக்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். முற்றத்தில் ஃப்ரிட்ஜ் வாயைப் பிளந்து கிடந்தது. படிக்குப் படி ஒரு சாமான். எல்லாம் அவன் கடையிலிருந்து அக்காவுக்கு ஆசையாகக் கொடுத்தவை.

"அக்கா, திருடனா?" என்றான்.

"இல்லப்பா. உத்தரவு" என்றாள் எசக்கியம்மா.

தங்கப்பழம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அணைத்ததைச் சொன்னார், பூமாதேவியைச் சொன்னார், ஃப்ரிட்ஜின் கீழ்ப்படிதலைச் சொன்னார். கடைசியில் வேட்டியை விரித்துக் குஞ்சுகளைக் காட்டி, "நாங்க ஒண்ணும் கெட்டிக்காரங்க இல்ல மாப்ள. ஆனா சொன்னதைச் செஞ்சோம், குஞ்சு வந்துட்டு. இனி உன் கடைக்கு வர வேண்டியிருக்காதுலா?" என்றார்.

லிங்கதுரை அயர்ன்பாக்ஸுக்கும் கொசுவத்தி மெஷினுக்கும் நடுவில் படியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் தலையில் கை வைத்திருந்தான். பிறகு எழுந்து அத்தான் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"அத்தான், உங்க கால்ல விழுந்து கேக்கேன். குஞ்சு பொரிச்சாலும் சரி, பொரிக்காட்டாலும் சரி, எந்தக் காலத்துலயும் என் கடைப் பக்கம் மட்டும் வந்துராதீங்க. எது வேணும்னாலும் நானே கொண்டாந்து தாரேன்."

தங்கப்பழத்துக்கு நெஞ்சிலிருந்த முள்ளு அப்படியே உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது. மச்சினன் பார்க்கவே ரொம்ப நல்லவனாகத் தெரிந்தான். "ஒரு வாய் அவல் தின்னுட்டுப் போ மாப்ள" என்றார்.

"இல்ல அத்தான், நேரமில்ல" என்று வண்டியை உதைத்தான் லிங்கதுரை. "அங்கயும் கரண்ட் வந்திருக்கும். கடையில இருக்கிற அவ்வளவு சாமானையும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும். ராத்திரி முழுக்க வேலை கிடக்கு."

வண்டி போய்விட்டது. நாலு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பாவம்" என்றாள் எசக்கியம்மா.

"ஒத்தை ஆளு" என்றான் பலவேசம்.

"நம்மள வராதீங்கன்னு சொல்லுதான் பாரு" என்றார் தங்கப்பழம். "நம்மளுக்குக் கஷ்டம் வைக்கக்கூடாதுன்னு நினைக்கான். இப்படி ஒரு மச்சினன் யாருக்கு அமையும்? அதுக்காக நாம சும்மா இருக்க முடியுமா?"

"ஆனா யப்பா, மாமா கடையில மாடியே கிடையாதே. படிக்கு எங்க போவாவ?" என்றாள் செல்வக்கனி.

அடுத்த தூத்துக்குடி பஸ் வந்து நின்றபோது, நிறுத்தத்தில் நாலு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் வேட்டி மடியில் கீச்சுக் கீச்சென்று சத்தம். பின்னால் நின்ற மூன்று பேர் தோளில் ஒரு நீள மூங்கில் ஏணி.

"இதை எங்கய்யா கொண்டு போறீங்க?" என்றார் கண்டக்டர்.

"மச்சினன் கடைக்குத்தான் அண்ணாச்சி" என்றார் தங்கப்பழம். "ஃப்ரிட்ஜு மட்டுமே அம்பது இருக்கு. நாங்க போகலேன்னா அவன் பாட்டுக்குத் தரையில போட்டுருவான்."